சாலையோரத் தோட்டக் கடையை வரைபடத்தில் எப்படிக் குறிப்பது?

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் தெருவில் இருக்கும் மளிகைக் கடை, டீக்கடை, கோயில் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதில் பெரிய குழப்பம் வராது. ஊரைத் தாண்டி நெடுஞ்சாலைக்கு வந்த பிறகுதான் கை நிற்கும். பண்ருட்டிப் பக்கம் குவித்து வைத்திருக்கும் பலாப்பழம், கிருஷ்ணகிரியில் சீசனுக்குப் போடும் மாம்பழக் கொட்டகை, பொள்ளாச்சியில் தோப்பு வாசலிலேயே வெட்டித் தரும் இளநீர், ஊட்டி வழியில் தழையோடு கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கும் கேரட், இதெல்லாம் எந்த வகைக் கடை? எடிட்டரில் தேடினால் 'ப்ரொட்யூஸ் ஸ்டாண்ட்' என்று ஒன்று வருகிறது, பெயரைப் பார்த்தால் இதற்கென்றே செய்தது போல இருக்கிறது, எல்லோரும் அதைத் தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் குறிச்சொல், அதாவது ஒரு இடம் என்ன வகை என்று வரைபடத்துக்குச் சொல்லும் சொல், ஷாப்=ஃபார்ம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது, ஆரம்ப காலக் குறிச்சொற்களில் நிறைய அந்த நாட்டு வழக்கத்திலிருந்தும் ஐரோப்பிய வழக்கத்திலிருந்தும் வந்தவை. அங்கே பண்ணையை ஒட்டியே கடை இருக்கும், அந்தப் பண்ணையில் விளைந்ததை அந்தக் குடும்பமே விற்கும். அதற்கான குறிச்சொல்தான் இது. நம் ஊர் நெடுஞ்சாலையில் மண்டியிலிருந்து வாங்கி வந்து கொய்யாவும் மாதுளையும் விற்கிறவருக்கு இதைப் போட்டால் வரைபடம் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். விவசாயியிடம் நேரடியாக வாங்கலாம் என்று தேடி வருகிறவர் சிம்லா ஆப்பிள் விற்கும் கடையில் போய் நிற்பார். இன்னொரு பக்கம், உண்மையிலேயே சொந்தத் தோட்டத்து வாசலில் பந்தல் போட்டு விற்கிறாரே, விளம்பரத்துக்கு ஒரு ரூபாய் செலவழிக்க வசதியில்லாதவர், அவர் அந்தக் கூட்டத்தில் காணாமல் போவார். எனக்கு இந்த இரண்டாவது விஷயம்தான் முக்கியம். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மேண்ட் மாதிரி ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை எடுத்துக் காட்டும் செயலிகளில் காசு கொடுக்காமல் ஒரு விவசாயியின் கடை தெரிய வேண்டும் என்றால், அதை ஒழுங்காகக் குறிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தொடங்கும் முன் ஒரு விஷயம். குறிச்சொற்களை இங்கே உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் தட்டும்போது, கடையின் பெயர், நேரம், விளக்கம் ஆகியவற்றின் மதிப்பைத் தவிர எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில் இருக்க வேண்டும், நான் அடிக்கோடு போட்ட இடத்தில் அங்கேயும் அடிக்கோடு, இடைவெளி கூடாது. சமக்குறிக்கு இடப்பக்கம் இருப்பது பெயர், வலப்பக்கம் இருப்பது மதிப்பு, எடிட்டரில் இரண்டும் தனித்தனிக் கட்டங்களில் போகும்.

முதல் படி: கிளம்பும்போது

உலாவியில் திறக்கும் ஐடி எடிட்டர் போதும், கணக்கு தொடங்க ஒரு மின்னஞ்சல் இருந்தால் சரி. ஆனால் சாலையோரக் கடைகளுக்குக் கைபேசிதான் வசதி. எவ்ரி டோர் என்ற செயலி கடைகளைச் சேர்ப்பதற்காகவே செய்தது, ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடும். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் ஆண்ட்ராய்டில் மட்டும்தான், அது 'இந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும்' என்பது போலக் கேள்வி கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளும், புதியவர்கள் பயமில்லாமல் பழகலாம்.

கூகுள் மேப்ஸைப் பார்த்து எதையும் எடுத்து எழுதாதீர்கள். பெயர், நேரம், தொலைபேசி எண், கடை இருக்கும் இடம், அதன் தெருப் படங்கள் எதுவுமே கூடாது, அதன் உரிமம் இதற்கு இடம் தராது. மேப்பிலரியில் இருக்கும் தெருப் படங்களைப் பார்த்துக் குறிக்கலாம், அதற்கு அனுமதி உண்டு. ஆனால் சாலையோரக் கடை விஷயத்தில் மூன்று வருடத்துக்கு முந்தைய படத்தை நம்ப முடியாது, சாலை அகலப்படுத்தும்போது மொத்த வரிசையும் இடம் மாறிவிடும். செயற்கைக்கோள் படத்திலோ ஒரு கீற்றுக் கொட்டகை தெரியவே தெரியாது. ஆக நேரில் போய்ப் பார்ப்பதுதான் வழி.

இரண்டாம் படி: கடை முன்னால் நின்று இரண்டு கேள்வி

எல்லா முடிவும் இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது. விற்கிறவர் விளைவித்தவரா? அடுத்த முறை வந்தால் இந்தக் கடை இதே இடத்தில் இருக்குமா?

முதல் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் கண்ணெதிரிலேயே இருக்கும். ஆப்பிளில் குட்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், ஆரஞ்சு வலைப்பையில் வந்திருந்தால், பின்னால் மண்டி பெயர் எழுதிய பிளாஸ்டிக் பெட்டிகள் அடுக்கியிருந்தால், அது வாங்கி விற்கும் கடை. ஒரே மேசையில் திராட்சை, மாதுளை, கிவி, டிராகன் பழம் என்று எட்டுப் பத்து வகை இருந்தாலும் அப்படித்தான், ஒரு தோட்டத்தில் அத்தனையும் ஒரே நேரத்தில் விளையாது. சொந்தத் தோட்டத்துப் பொருள் வேறு மாதிரி இருக்கும். ஒன்றிரண்டு வகைதான் இருக்கும், காய் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகத் தரம் பிரிக்காமல் கிடக்கும், காம்பில் பால் காய்ந்திருக்கும், கீரைக் கட்டில் ஈர மண் ஒட்டியிருக்கும், கட்டுவதற்கு வாழை நார் இருக்கும். கடைக்குப் பின்னால் வேலி, வேலிக்குப் பின்னால் அதே பயிர் நிற்கும்.

அப்படியும் புரியவில்லையா, கேட்டுவிடுங்கள். ஒரு கிலோ வாங்கிக்கொண்டு, "சொந்தத் தோட்டமாண்ணே?" என்று கேட்டால் யாரும் கோபப்படப் போவதில்லை. "நம்ம தோட்டந்தாங்க, அந்தா தெரியுதே பம்புசெட்டு, அதுவரைக்கும்" என்று கையைக் காட்டுவார், அல்லது "இல்லம்மா, ஒட்டன்சத்திரத்துல ஏலத்துல எடுக்கிறது" என்பார். ரெண்டும் கலந்தும் இருக்கும், தன் தோட்டத்து வாழைத்தாரோடு சந்தையில் வாங்கிய வெங்காயத்தையும் தக்காளியையும் வைத்திருப்பார். அப்போது எது பெரும்பங்கு என்று பார்த்து முடிவு செய்யுங்கள். தோட்டத்துப் பொருளுக்காகத்தான் வண்டிகள் நிற்கின்றன என்றால் அது தோட்டக் கடைதான்.

இரண்டாவது கேள்வி நிலைத்திருப்பது பற்றியது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தற்காலிகமானவற்றைக் குறிக்கும் வழக்கம் இல்லை. குட்டி யானையில் வெங்காயம் ஏற்றி ஒலிபெருக்கி வைத்துத் தெருத் தெருவாகப் போகிறவரைக் குறிக்க முடியாது, அவர் நாளை வேறு ஊரில் இருப்பார். தள்ளுவண்டியும் அப்படியே, ஆனால் ஒரே ஆலமரத்தடியில் வருடக்கணக்காக நிற்கும் தள்ளுவண்டி வேறு, அதற்குச் சக்கரம் இருக்கிறதே தவிர இடம் மாறவில்லை, குறிக்கலாம். சீசன் கடைகள்தான் நடுவில் நிற்பவை. மாம்பழக் காலம் முடிந்தால் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள், நட்டு வைத்த சவுக்குக் கம்புகள் மட்டும் நிற்கும். ஒவ்வொரு வருடமும் அதே இடத்துக்கு அதே ஆள் வருகிறார் என்று பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னால் தயங்காமல் குறியுங்கள், சீசனல் என்று கூடவே எழுதிவிடுங்கள். இந்த வருடம்தான் முதன்முதலாகப் போட்டிருக்கிறார் என்றால் அடுத்த சீசன்வரை பொறுத்திருப்பது நல்லது.

மூன்றாம் படி: எந்தக் குறிச்சொல்

விளைவித்தவரே விற்கிறார், கடை நிலையானது அல்லது வருடா வருடம் திரும்பி வருவது. இதற்கு ஷாப்=ஃபார்ம். கட்டடம் பெரிதா சிறிதா என்பது பொருட்டில்லை. குளிரூட்டிய அறையில் பில் போட்டு விற்கும் பண்ணைக் கடைக்கும் இதுதான், நாலு கம்பு மேல் கீற்று வேய்ந்ததற்கும் இதுதான். நாட்டுக்கோழிப் பண்ணை வாசலில் முட்டை விற்றாலும், மாட்டுப் பண்ணையில் வருகிறவர்களுக்குப் பால் ஊற்றிக் கொடுத்தாலும் இதையே போடலாம்.

காய்கறி, பழத்தை வாங்கி விற்கும் கடை ஷாப்=கிரீன்குரோசர். பழமுதிர் நிலையம் என்று பலகை வைத்தவை எல்லாம் இதில்தான் சேரும். நெடுஞ்சாலையோரப் பழக்கடைகளில் பெரும்பாலானவையும், கொடைக்கானல் மலைப்பாதையில் வெள்ளி அருவிப் பக்கம் பிளம்ஸும் பேரிக்காயும் விற்கும் கடைகளில் வாங்கி விற்பவையும் இதில் அடங்கும். கடை என்று சொல்லும்படி சுவர் இல்லை, சாலையோரம் ஒரு மேசை, குடை அவ்வளவுதான் என்றால் கூடவே ஸ்ட்ரீட்_வெண்டர்=எஸ் சேருங்கள். அப்போது தேடுகிறவருக்கு அது எப்படிப்பட்ட கடை என்று புரியும். தோட்டத்துக்காரரே சாலையோரம் மேசை போட்டு விற்றால் ஷாப்=ஃபார்மோடும் இதைச் சேர்க்கலாம்.

உழவர் சந்தையை ஷாப்=ஃபார்ம் என்று போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. விவசாயிகள்தான் நேரடியாக விற்கிறார்கள், ஆனாலும் அது ஒரு கடை இல்லை, சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் கருணாநிதி தொடங்கிவைத்த திட்டம் அது. அடையாள அட்டை வாங்கிய விவசாயிகள் இடைத்தரகர் இல்லாமல் விற்கிறார்கள், அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். அதற்கு அமெனிட்டி=மார்க்கெட்ப்ளேஸ். சுற்றுச்சுவர் தெரிந்தால் வளாகம் முழுவதையும் ஒரு பரப்பாக வரைந்து அதன்மேல் குறிச்சொல்லை எழுதுங்கள், உள்ளே இருக்கும் ஒவ்வொரு மேடைக்கும் தனிப்புள்ளி வேண்டாம். அந்த மேடையில் இன்று உட்கார்ந்திருப்பவர் நாளையும் அங்கேயே இருப்பார் என்று சொல்ல முடியாது. வாரச் சந்தைக்கும் இதே குறிச்சொல், என்ன கிழமை என்பதை ஓப்பனிங்_ஹவர்ஸில் எழுதிவிட்டால் மற்ற நாளில் யாரும் வெறும் பொட்டலில் வந்து நிற்க மாட்டார்கள். கோயம்பேடு மாதிரி மொத்த வியாபார வளாகமும் மார்க்கெட்ப்ளேஸ்தான்.

அடுத்து, உரக்கடை. புதியவர்களிடம் நான் அதிகம் பார்க்கிற தவறு இது. விதை, உரம், பூச்சிமருந்து, தெளிப்பான் விற்கும் கடையின் பலகையில் 'அக்ரோ', 'உழவர்', 'விவசாயி' என்று ஏதாவது ஒரு சொல் இருக்கும், உடனே ஷாப்=ஃபார்ம் போட்டுவிடுகிறார்கள். அது ஷாப்=அக்ரேரியன். அங்கே விவசாயி வாங்குகிறார், தோட்டக் கடையில் விவசாயி விற்கிறார், இரண்டும் எதிரெதிர். பழம் வாங்க வந்த குடும்பத்தை வரைபடம் பூச்சிமருந்துக் கடையில் கொண்டுபோய் விடக் கூடாது.

செடி, மரக்கன்று விற்கும் நர்சரி கார்டன் ஷாப்=கார்டன்_சென்டர். கன்று வளர்க்கும் நிலப்பரப்பு பெரிதாக இருந்தால் அந்த நிலத்தை மட்டும் தனியாக லேண்ட்யூஸ்=பிளான்ட்_நர்சரி என்று வரையலாம். ஆவின் பூத் ஷாப்=டெய்ரி. முந்திரிப் பருப்பு மட்டுமே விற்பது ஷாப்=நட்ஸ், பண்ருட்டியிலும் இப்படித்தான், கொழும்பு–கண்டி வீதியில் கஜுகமவில் வரிசையாகப் பெண்கள் கஜு விற்கும் அந்தச் சிறு கடைகளுக்கும் இதுவே பொருந்தும். மரத்திலிருந்து அப்படியே வந்ததில்லை, வறுத்து உடைத்துத் தோல் நீக்கி வந்த பொருள், ஆகவே தோட்டக் கடை என்று எழுதுவதில் அர்த்தமில்லை. நுவரெலியா போகும் வழியில் இருக்கும் மரக்கறிக் கடைகளுக்கு அந்த முதல் கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும், பக்கத்துப் பாத்தியிலிருந்து பிடுங்கி வருகிறவரும் உண்டு, வாங்கி விற்கிறவரும் உண்டு.

'ஆர்கானிக்', 'இயற்கை அங்காடி' என்று நகரங்களில் இருக்கும் கடைகள் பல விவசாயிகளிடம் வாங்கி விற்பவை. அவற்றுக்குக் கடையின் தன்மையைப் பார்த்துக் காய்கறிக் கடை என்றோ மளிகை என்றோ குறிச்சொல் போட்டுவிட்டு, ஆர்கானிக்=ஒன்லி அல்லது ஆர்கானிக்=எஸ் சேர்த்தால் போதும். ஒன்லி என்றால் இயற்கை விளைபொருள் தவிர வேறொன்றும் இல்லை, எஸ் என்றால் அதுவும் கிடைக்கும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்தும் கடையில் எனக்கு வேறு கருத்து. உறுப்பினர்கள் விளைவித்ததை மட்டும் விற்கிறார்கள் என்றால், அந்த நிறுவனமே விவசாயிகளுடையது என்பதால், ஷாப்=ஃபார்ம் என்று எழுதுவது நியாயம்தான் என்று நினைக்கிறேன். வேறு கம்பெனிச் சோப்பும் பிஸ்கட்டும் அடுக்கியிருந்தால் அது மளிகைக் கடை.

இளநீர் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சாலையோரம் மூன்று சக்கர வண்டியில் குலைகளை ஏற்றி நிற்கிறவர் தோட்டக் கடை இல்லை. நிலையாக ஒரே இடத்தில் இருந்தால் ஷாப்=பெவரேஜஸ், ஸ்ட்ரீட்_வெண்டர்=எஸ் போட்டு, டிஸ்க்ரிப்ஷனில் இளநீர் என்று எழுதுவது என் பரிந்துரை. தோப்புக்காரரே வாசலில் வெட்டிக் கொடுக்கிறார் என்றால் அது ஷாப்=ஃபார்ம், அவருக்குப் பின்னால் இருக்கும் தோப்பை லேண்ட்யூஸ்=ஆர்ச்சர்ட், ட்ரீஸ்=கோகனட்_பாம்ஸ் என்று தனியாக வரைந்துவிடலாம். நுங்குக் கடைக்கும் இதே கேள்விதான்.

நான்காம் படி: புள்ளியை எங்கே வைப்பது

கடை நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி. சாலைக் கோட்டின் மேலேயே வைத்துவிடாதீர்கள், கோட்டோடு ஒட்டிக்கொண்டு கடை சாலையின் ஒரு பகுதியாகிவிடும். சாலையின் எந்தப் பக்கம் என்பதில் கவனம் வேண்டும், நடுவில் தடுப்பு வைத்த நான்குவழிச் சாலையில் பக்கம் மாறினால் வண்டிக்காரர் திரும்பி வரக் கிலோமீட்டர் கணக்கில் சுற்ற வேண்டியிருக்கும். ஜிபிஎஸ் புள்ளி மரத்தடியில் சில மீட்டர் தள்ளிக் காட்டும், அதனால் பக்கத்தில் இருக்கும் கிணறு, பாலம், பெட்ரோல் பங்க் ஏதாவது ஒன்றை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டம் முழுவதையும் வரைந்து அந்தப் பரப்பின் மேல் ஷாப்=ஃபார்ம் எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. அப்படிச் செய்தால் ஐந்து ஏக்கரும் கடையாகிவிடும். நிலம் வேறு, களமும் தொழுவமும் இருக்கும் பண்ணை வளாகம் வேறு, விற்கும் இடம் வேறு. நிலத்துக்கு லேண்ட்யூஸ்=ஃபார்ம்லேண்ட் அல்லது ஆர்ச்சர்ட், வளாகத்துக்கு லேண்ட்யூஸ்=ஃபார்ம்யார்ட், கடைக்கு வாசல் பக்கம் தனிப்புள்ளி. கடைக்கென்றே ஒரு கட்டடம் இருந்தால் கட்டடத்தை வரைந்து அதன்மேலேயே ஷாப்=ஃபார்ம் எழுதலாம், அப்போது புள்ளி வேண்டாம். ஒரே கடை இரண்டு இடத்தில் பதிவாகக் கூடாது.

பத்து இருபது கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் எப்படி என்றால், ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து எழுத நேரமிருந்தால் தனித்தனியாக எழுதுங்கள். அவை தினமும் இடம் மாறி உட்காருகின்றன என்றால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு மார்க்கெட்ப்ளேஸ் போதும்.

ஐந்தாம் படி: வந்து பார்க்கிறவருக்கு உதவும் விவரங்கள்

பெயர் இருந்தால் நேம். பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அது. பலகையில் தமிழ் இருந்தால் அதை நேம்:டிஏ என்பதிலும் எழுதுங்கள். பலகையே இல்லாத கடைக்கு 'பலாப்பழக் கடை', 'ரோட்டோரக் கடை' என்று நாமாக ஒரு பெயர் வைக்கக் கூடாது, அது பெயர் ஆகாது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாம்.

என்ன விற்கிறார்கள் என்பதை ப்ரொட்யூஸ் என்ற குறிச்சொல்லில் எழுதலாம். பலாப்பழம் என்றால் ஜாக்ஃப்ரூட், மாம்பழம் என்றால் மேங்கோ, ஒன்றுக்கு மேல் இருந்தால் நடுவில் அரைப்புள்ளி. அன்றைக்குக் கிடைத்ததை எல்லாம் எழுதாமல் அந்தக் கடை எதற்குப் பேர் போனதோ அதை மட்டும் எழுதுங்கள்.

நேரம்தான் சாலையோரக் கடைக்கு உயிர். ஓப்பனிங்_ஹவர்ஸில் மாதத்தை அதன் ஆங்கிலப் பெயரின் முதல் மூன்று எழுத்திலும், கிழமையை முதல் இரண்டு எழுத்திலும், மணியை 07:00-19:00 என்று 24 மணிக் கணக்கிலும் எழுத வேண்டும். ஏப்ரல் முதல் ஜூலை வரை மட்டும் போடும் கடை என்றால் முதலில் அந்த இரண்டு மாதமும் நடுவில் சிறுகோடும், பிறகு இடைவெளி விட்டு மணி. இதோடு சீசனல்=எஸ். இந்தக் குறிச்சொல்லுக்குக் கோடை, இலையுதிர் காலம் என்றெல்லாம் மதிப்புகள் இருக்கின்றன, நம் ஊருக்கு அவை சரிப்பட்டு வராது, எஸ் என்று போட்டு மாதத்தை நேரத்திலேயே சொல்லிவிடுவதுதான் தெளிவு. மாதம் எது என்று விற்கிறவரிடமே கேளுங்கள், ஊருக்கு ஊர் மாறும்.

பணம் எப்படி வாங்குகிறார் என்பதற்கு பேமென்ட்:கேஷ்=எஸ், ஸ்கேன் அட்டை வைத்திருந்தால் பேமென்ட்:யூபிஐ=எஸ். தொலைபேசி எண்ணைப் பொறுத்தவரை, பலகையில் எழுதியிருந்தால் மட்டும் சேருங்கள். பேச்சுவாக்கில் கொடுத்த எண்ணை உலகம் முழுக்கப் பார்க்கிற இடத்தில் போடுவது சரியில்லை. விவசாயியின் சொந்தப் பெயருக்கும் அதே விதி.

பண்ருட்டி அருகே ஒரு பலாத்தோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலியோரம் ஓலைப் பந்தல், பெயர்ப் பலகை இல்லை, தோப்புக்காரம்மாவே உட்கார்ந்து முழுப் பழமாகவும் சுளையாகவும் விற்கிறார், சீசனுக்குச் சீசன் இதே இடம். இதற்கு எழுத வேண்டியது ஷாப்=ஃபார்ம், ப்ரொட்யூஸ்=ஜாக்ஃப்ரூட், சீசனல்=எஸ், அவர் சொன்ன மாதங்களோடு ஓப்பனிங்_ஹவர்ஸ், பேமென்ட்:கேஷ்=எஸ், அப்புறம் நீங்கள் பார்த்த தேதியை செக்_டேட்டில் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில். நேம் காலி. பத்தடி தள்ளி சாலையோரம் இன்னொருவர் லாரியில் இறக்கிய பலாப்பழத்தை அதே போலக் குவித்து வைத்திருக்கிறார், வருடா வருடம் வருகிறவர்தான். அவருக்கு ஷாப்=கிரீன்குரோசர், ஸ்ட்ரீட்_வெண்டர்=எஸ், மற்றதெல்லாம் ஒன்றுதான்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் இருக்கிற நம்மவர்கள் தினமும் கடந்து போகும் பண்ணைகளில் ஆளே இல்லாத கடைகள் நிறைய. ஒரு அலமாரியில் முட்டை, உருளைக்கிழங்கு, ஆப்பிள் சாறு, பக்கத்தில் காசு போட ஒரு பெட்டி, சுவிஸில் என்றால் கைபேசியில் பணம் செலுத்தும் ட்விண்ட் ஸ்டிக்கரும் இருக்கும். எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அது ஷாப்=ஃபார்ம், கூடவே செல்ஃப்_சர்வீஸ்=எஸ். எப்போதும் திறந்திருந்தால் நேரத்தில் 24/7. இங்கிலாந்தில் வேலியோரம் முட்டையோடு வைத்திருக்கும் பெட்டிக்கும் இதே முறை.

அதே பண்ணையில் நாணயம் போட்டால் பால் ஊற்றும் இயந்திரமோ, கதவு திறந்து முட்டை தரும் இயந்திரமோ இருந்தால் அது கடை இல்லை. அமெனிட்டி=வெண்டிங்_மெஷின், கூடவே வெண்டிங்=மில்க் அல்லது வெண்டிங்=எக்ஸ். கடையும் இயந்திரமும் இரண்டுமே இருந்தால் இரண்டு புள்ளிகள். ஜெர்மனியில் வசந்த காலத்தில் அஸ்பாரகஸ் விற்கச் சாலையோரம் முளைக்கும் சின்னக் கூண்டுகள் வழக்கமாக ஜூன் 24 வரைதான், அதன்பின் அறுவடையை நிறுத்திவிடுவார்கள். பண்ணையே போட்ட கூண்டு என்று பண்ணையின் பெயர் எழுதியிருந்தால் ஷாப்=ஃபார்ம், சீசனல்=எஸ். அங்கே பலகையை வாசித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். டொராண்டோவிலிருந்து கோடையில் நயாகரா பக்கம் செர்ரியும் பீச்சும் வாங்கப் போகிற குடும்பங்களும் இதே இரண்டு கேள்வியை வைத்துக் குறிக்கலாம், நாமே பறித்துக்கொள்ள விடும் தோட்டம் என்றால் அதை டிஸ்க்ரிப்ஷனில் ஒரு வரி எழுதுங்கள்.

ஆறாம் படி: பதிவேற்றம், அப்புறம் திருத்தம்

சேமிக்கும்போது ஒரு குறிப்பு எழுதச் சொல்லிக் கேட்கும். 'கடை' என்று ஒரே சொல்லில் எழுதாமல், எந்தச் சாலை, நேரில் பார்த்தீர்களா, விவசாயியிடம் கேட்டீர்களா என்பதை இரண்டு வரியில் தமிழிலேயே எழுதலாம். மூலம் என்ற இடத்தில் சர்வே என்று போட்டால் நேரில் போனது தெரியும். பிறகு வேறொருவர் இந்தப் புள்ளியைக் கிரீன்குரோசர் என்று மாற்ற நினைத்தால் அந்த இரண்டு வரிதான் அவரை நிறுத்தும்.

உங்கள் மாவட்டத்தில் ஏற்கெனவே என்னென்ன ஷாப்=ஃபார்ம் இருக்கின்றன என்று பார்க்க ஓவர்பாஸ் டர்போ என்ற தளத்துக்குப் போய், விசர்ட் பொத்தானைத் தட்டி, குறிச்சொல்லை எழுதி ஓட்டினால் போதும், திரையில் தெரியும் பகுதிக்குள் இருப்பவை எல்லாம் புள்ளியாக வரும். உரக்கடைகள் நிச்சயம் சிக்கும். பெயரிலேயே உரம், விதை என்று தெரிகிறவற்றை வீட்டிலிருந்தே திருத்தலாம். மற்றவற்றை நேரில் பார்க்காமல் மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். குறித்தவரின் பதிவுக்குக் கீழே கருத்து எழுதும் இடம் இருக்கிறது, "வணக்கம், இந்தக் கடை சொந்தத் தோட்டத்துக்காரருடையதா, வாங்கி விற்பவரா? நேரில் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். பதில் வந்தால் நல்லது, வராவிட்டால் அந்த வழியாகப் போகும் யாராவது பார்க்கட்டும் என்று வரைபடத்தில் ஒரு நோட் வைத்துவிட்டுப் போகலாம்.

சீசன் இல்லாத மாதத்தில் போய்ப் பார்த்துவிட்டு 'கடை இல்லை' என்று அழித்துவிடுவதுதான் பெரிய அநியாயம். அழிக்கும் முன் சீசனல் இருக்கிறதா, ஓப்பனிங்_ஹவர்ஸில் என்ன மாதம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சீசன் நடுவிலும் பந்தல் இல்லை, பக்கத்தில் விசாரித்தாலும் இனி போட மாட்டார் என்கிறார்கள் என்றால் ஷாப் என்ற பெயருக்கு முன்னால் டிஸ்யூஸ்ட்: சேர்த்து வைத்துவிடலாம், செயலிகளில் கடையாகக் காட்டாது, அடுத்த வருடம் திரும்பி வந்தால் அந்த முன்னொட்டை மட்டும் எடுத்தால் சரி. இடமே சாலைக்குள் போய்விட்டது, தோப்பையே வெட்டி மனைக்கட்டு போட்டுவிட்டார்கள் என்றால் முழுக்க நீக்கிவிட்டு, குறிப்பில் காரணத்தை எழுதிவிடுங்கள்.